பொருநை தந்ததும் கொண்டதும்



ஆற்றினால் வாழ்வு பெற்ற ஊர்கள் பல. அந்த ஆற்றினாலேயே வாழ்வு இழந்த ஊர்களும் உண்டு. கொற்கை இரண்டுக்கும் சான்று.

பொதிகையில் தோன்றும் பொருநை, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் நெல்வயலும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த சிற்றூராக விளங்கும் கொற்கை, கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. முன்னாளிலோ அதன் வாயிலில் அலை மோதியது.

முத்துக்குப் புகழ்பெற்ற பாண்டியர் பெருந்துறையாகச் சங்கப் புலவர்கள் இவ்வூரைப் பாடினர். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்ளூசும் இதனைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்றோரே அங்கு முத்துக் குளித்தனர் என்றும் கூறுகிறது. முத்தின் ஒளியைப் பாட்டு காட்ட, மூச்சடக்கி மூழ்கியவனின் துயரைப் பயணநூல் காட்டுகிறது.

கடலில்லா ஊரைத் துறைமுகம் என்பது எவ்வாறு பொருந்தும்? விடை மண்ணுக்கடியில் இருந்தது. கால்டுவெல் இப்பகுதியை அகழ்ந்து ஆராய்ந்து, பழைய கொற்கை இதுவே எனத் தெளிந்தார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, கி.மு. 785 என்னும் காலக்கணிப்பைத் தந்தது. சங்கு வளையல் துண்டுகள் கடல்தொழிலை உணர்த்துகின்றன. நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கும் 'அக்கசாலை' என்னும் சொல், அருகிலுள்ள ஊரின் பெயராக இன்றும் வழங்குகிறது.

கொற்கைத் துறையை அழித்தது படையெடுப்பு அன்று, வண்டல். பொருநை ஆண்டுதோறும் கொணர்ந்த மண் முகத்துவாரத்தைத் தூர்த்தது, கடல் விலகியது. வணிகமும் கடலைத் தொடர்ந்து காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்தது காயலையே. பின்னர்ப் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் சிறந்தன. துறையை மூடிய அதே வண்டல்தான் இன்று அங்கு நெல்லாக விளைகிறது.

பாட்டு, பயணநூல், மண் ஆகிய மூன்றும் கூடியே கொற்கையின் வரலாற்றை முழுமையாக்குகின்றன. ஏட்டிலுள்ள பாட்டை மறுபடியும் அச்சிடலாம். ஆனால், கடைக்கால் தோண்டுகையில் கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க இயலாது. ஊரைப் பாடும் கவிஞர், அவ்வூர்க் கிணற்றடியில் கிடக்கும் பானையோட்டையும் வயலுக்கு வழங்கும் பழம்பெயரையும் ஒரு முறை குனிந்து நோக்குவாராக. அப்பார்வை வரலாற்றைக் காக்கும். பாட்டுக்கும் வலிமை சேர்க்கும்.