நோய்க் காப்பும் அரசாங்க மானியமும்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நோய் செல்வர் வறியர் என்று பார்த்து வருவதில்லை. ஒருவன் தனித்துத் தாங்கலாற்றாத மருத்துவச் செலவைப் பலர் கூடித் தாங்குதற்கு ஏற்பட்டதே இன்ஷூரன்ஸ் என்னும் காப்பு முறை. இதற்கு அரசாங்கம் பொருளுதவி செய்தல் முறையோ என்பது பற்றி அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுங்காலமாக நிகழும் வாதத்தை இன்று ஆராயப் புகுகின்றோம்.

குடிகள் அனைவர்க்கும் காப்பு வேண்டுமென ஜனாதிபதி ட்ரூமன் 1945-இல் கேட்டார், அது நிறைவேறவில்லை. 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் காலத்தில் முதியோர்க்கு மெடிகேர், வறியோர்க்கு மெடிகெய்டு என இரண்டு ஏற்பாடுகள் சட்டமாயின. சம்பளத்துக்கு உழைப்போர் பலர் தம் முதலாளிமார் வாயிலாகக் காப்புப் பெற்றனர். இம்மூன்றினும் அடங்காது எஞ்சினோர் யாவர்? சிறு கடைக்காரர், குடியானவர், சொந்தத் தொழில் செய்வோர் முதலானோர். அவர் முன்னரே நோயுற்றவராயின், கம்பெனிகள் அவரை ஏற்க மறுத்தலும் பல மாகாணங்களில் வழக்கமாயிருந்தது.

இக்குறை நீங்க, 2010-இல் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் மூன்று கால்களில் நின்றது. நோயுற்றவரை மறுத்தலாகாது என்பது ஒன்று. யாவரும் காப்புப் பெறவேண்டும், பெறாதார் தண்டம் செலுத்தவேண்டும் என்பது மற்றொன்று. பிரீமியம் கட்ட இயலாதார்க்கு அரசாங்கம் மானியம் அளிக்கும் என்பது மூன்றாவது.

குடியரசுக் கட்சியினர் இதனை ஆக்ஷேபித்தனர். வேண்டாத பொருளை வாங்குமாறு நிர்ப்பந்தித்தல் சுதந்திரத்துக்கு மாறு என்றும், மானியத்தால் அரசாங்கக் கடன் பெருகும் என்றும், கம்பெனிகளின் விலையேற்றத்தை அது மறைக்கும் என்றும் கூறினர். அத்தண்டம் ஒருவகை வரியே எனக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டு 2012-இல் அதனை நிலைநிறுத்தியது. எனினும் 2017-இல் இயற்றிய சட்டத்தால், 2019 முதல் அத்தண்டம் பூஜ்யமாக்கப்பட்டது.

ஒரு கால் போகவே, பாரம் மானியத்தின்மேல் விழுந்தது. 2021-இல் மானியம் மிகுவிக்கப்பட்டது. நடுத்தரக் காப்பு ஒன்றின் பிரீமியம் ஒருவர் வருவாயில் நூற்றுக்கு 8.5 பங்குக்கு மேற்போகாதவாறு அரசாங்கம் எஞ்சியதைச் செலுத்திற்று. இதனை நீட்டித்தல் பற்றி எழுந்த பிணக்கால் 2025-இல் அரசாங்க அலுவல்களுட் பல 43 நாள் முடங்கின. ஆயினும் நீட்டிப்பின்றியே அவ்வாண்டு முடிவில் அம்மிகை மானியத்தின் தவணை தீர்ந்தது. பழைய விதிப்படி, வறுமைக் கோட்டின் நான்கு மடங்குக்கு ஒரு டாலர் மிகுதியாக ஈட்டினும் மானியம் முழுதும் போய்விடும். மெடிகேருக்குரிய 65 வயதை எட்டாத முதிய கடைக்காரர்க்கு இஃது எத்துணைப் பெருஞ்சுமை!

மானியம் ஏழைக்கு இடும் பிச்சையன்று என்பதே எம் கருத்து. பிரீமியம் உயருங்கால் முதலில் விலகுவோர் உடல்நலமுள்ள இளைஞர், பிணியாளரோ விலகமாட்டார். எஞ்சியோர் பெரும்பாலும் பிணியாளராகவே, பிரீமியம் பின்னும் உயரும். பின்னும் சிலர் விலகுவர். ஊர் கூடி இழுக்கும் தேரில் வடத்தை விடுவோர் மிகுந்தால், பிடித்திருப்போர் கையன்றோ கன்றிப்போகும்? கையை வடத்தில் நிறுத்தும் உபாயமே மானியம்.

எதிர்க்கட்சியார் உரையிலும் உண்மை உண்டு. மருந்தின் விலையும் மருத்துவமனையின் கட்டணமும் கட்டுக்குள் நில்லாவிடின், எத்துணை மானியமும் ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரேயாம். ஆதலின் மானியம் கேட்போர் விலையையும் கேட்கவேண்டும். விலையைக் காட்டி மானியத்தை மறுப்போர், அது குறையுமளவும் பிணியாளன் எங்ஙனம் உயிர் தாங்குவான் என்பதற்கு விடை கூறவேண்டும். நோய் அவ்வளவு காலம் காத்திராது.