காற்றடிக்கும் நேரமும் மோட்டார் ஓடும் நேரமும்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘பசுமை வாழ்வு’. மஞ்சப்பையைப் பற்றியும் மரக்கன்றைப் பற்றியும் முன்னால் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு இறங்கியதும் நம் கையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். அது கிடக்கட்டும். நான் கரண்டைப் பற்றிப் பேசுகிறேன்.

உடுமலைக்காரர்களிடம் காற்றைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நம் பக்கம் நுழைவதால் வேகம் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் இருக்கும் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு! சித்திரையில் சோம்பிக் கிடக்கும் காத்தாடி ஆடியில் அள்ளிக் கொடுப்பதன் கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஓர் ஊராட்சி உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கும் ஓடந்துறை. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டிய மின்கட்டணமே ஊராட்சிப் பணத்தைத் தின்றுகொண்டிருந்த காலம். தலைவராக இருந்தவர் சண்முகம். 2006-இல் ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன். அவர்கள் ஊரில் அந்த அளவுக்குக் காற்று கிடையாது. எங்கே கொண்டுவந்து நட்டார்கள் தெரியுமா? நம் மைவாடியில்! கைதட்டுகிறீர்கள். நட்டது அவர்கள், நாம் காற்று மட்டும்தான் கொடுத்தோம். ஊர்த் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, கடனையும் அடைத்தார்கள்.

சரி, எல்லா ஊராட்சியும் காத்தாடி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. காற்று பலமாக வீசும் நாளிலேயே உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வருகிறது என்பது காற்றாலைக்காரர்களின் பழைய புகார். சூரிய ஒளி மின்சாரமும் அப்படித்தான். நண்பகலில் கொட்டுகிறது, மாலை ஆறு மணிக்கு, வீட்டுக்கு வீடு விளக்கும் டிவியும் மிக்சியும் ஓடத் தொடங்கும்போது, சூரியன் விடைபெற்றுவிடுகிறான். அந்த நேரத்து இழுவையைத் தாங்கப் பெரும்பாலும் நிலக்கரியைத்தான் எரிக்கிறோம். ஆக, எத்தனை யூனிட் செலவழித்தோம் என்பதோடு எந்த நேரத்தில் செலவழித்தோம் என்பதும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆலைக்காரர்களுக்கு இது தெரியும். உச்ச நேரத்துக்கு அவர்கள் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள்.

இந்தப் பேச்சில் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்லாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். சொல்லிவிட்டேன். ஆனால் களத்தில் தூற்றியவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தனக்கு வசதியான நேரத்தில் காற்றைக் கூப்பிடவில்லை. பொலியைக் குவித்து வைத்துவிட்டு, காற்று எழும்வரை காத்திருந்தார்.

இதையே பெரிய அளவில் செய்கிற இடம் நமக்கு மேலே ஆனைமலையில் இருக்கிறது. காடம்பாறை. மலையைக் குடைந்து, பூமிக்குள் கட்டிய 400 மெகாவாட் மின்நிலையம். மின்சாரம் மிச்சமாக இருக்கும்போது மேல் ஆழியாறு தண்ணீரை மேலே இருக்கும் காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை உச்சத்தில் இருக்கும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றுவதற்கு ஆகும் மின்சாரம், இறக்கும்போது கிடைப்பதைவிட அதிகம்தான். தெரிந்தேதான் செய்கிறார்கள். வீணாகப் போவதை உச்ச நேரத்துக்குத் தள்ளி வைப்பதற்கு அந்த விலை தகும்.

நம் ஊரிலும் ஒரு குட்டிக் காடம்பாறை நிற்கிறது. மேல்நிலைத் தொட்டியைச் சொல்கிறேன்! அதில் மின்சாரம் எடுக்க முடியாது, உண்மை. ஆனால் வெயிலில் விளையும் கரண்டைத் தண்ணீராக மேலே ஏற்றி வைத்துவிட்டால், மாலையில் குழாய் திறக்க மோட்டாரே வேண்டாம். பாட்டரி வாங்க வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். ஆபரேட்டர் மாலை ஐந்தரைக்குத் தட்டும் ஸ்டார்ட்டரைப் பகல் பதினொன்றுக்குத் தட்ட வேண்டும். வீட்டு மாடித் தொட்டிக்கும், வாஷிங் மெஷினுக்கும், மாவு கிரைண்டருக்கும் இதே பேச்சுத்தான். காலையில் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் பெண்ணிடம் போய்ப் பதினொன்றுக்கு மாவு ஆட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் ஊராட்சித் தொட்டியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. அங்கே யாராவது ஒருவர் எழுந்து, நம் ஊர்க் குடிநீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, அதைப் பகலுக்கு மாற்ற என்ன தடை என்று கேளுங்கள். வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.