நம்ம நேரத்தையும் நோட்டில் எழுதுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வாழ்த்து அட்டை மற்றும் நினைவுப் பக்கம் செய்யும் குழுவின் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பேசிப் பழக்கமில்லை. கையில் கத்தரிக்கோலும் பசையும் இருந்தால்தான் எனக்கு வாய் வரும். அதனால் கொஞ்சம் சாமான்களை மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். பேசி முடித்ததும் வந்து தொட்டுப் பாருங்கள்.

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பொங்கல் வாழ்த்து ஞாபகம் இருக்கும். மார்கழி பாதியிலேயே கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பொங்கல் பானை, கரும்பு, மாடு, சாமி படம், சினிமா நடிகர் படம் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் சிவகாசி அச்சு. யாருக்கு என்ன படம் அனுப்புவது என்று வீட்டில் ஒரு பெரிய ஆலோசனையே நடக்கும். காசு இல்லாத பிள்ளைகள் நோட்டு அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் தாங்களே வரைந்து கொடுப்பார்கள். நானும் அப்படிக் கொடுத்தவள்தான். அப்புறம் செல்போன் வந்தது, அந்தக் கயிறும் போய்விட்டது.

அட்டையே இனி கிடையாது என்றுதான் நினைத்தோம். ஆனால் ஒரே படம் ஆயிரம் பேருக்குப் போகிற இந்தக் காலத்தில், தனக்கென்று ஒருவர் கையால் செய்த அட்டை கிடைத்தால் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. வளைகாப்பு, பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு என்று கேட்டு வருகிறார்கள். மதி அங்காடியிலும் கல்லூரிச் சந்தையிலும் அதை நின்று பார்க்கிற பிள்ளைகள் நிறைய.

இதில் நாங்கள் செய்வதை 'மிக்ஸ்டு மீடியா' என்று சொல்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கதம்பம் கட்டுகிறோம் இல்லையா, அதேதான். மல்லி, கனகாம்பரம், மரு, மரிக்கொழுந்து எல்லாம் ஒரே சரத்தில் வருவதுபோல, காகிதம், பெயின்ட், துணி, நூல், காய்ந்த பூ எல்லாம் ஒரே அட்டையில் வரும். கதம்பத்துக்கு ஒரு வரிசை உண்டு. இதற்கும் உண்டு.

முதலில் அடி அட்டை. 250 முதல் 300 ஜிஎஸ்எம் கனம் இருக்க வேண்டும். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டை கிடைக்கும். காகிதத்துக்கும் துணி மாதிரி இழை ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாட்டத்தில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மடிப்பு கத்தி மாதிரி விழும்.

இரண்டாவது, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சு. வாசல் தெளிக்காமல் கோலம் போடுவோமா? அந்த வேலையைத்தான் இது செய்கிறது. இதை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால், மேலே போடும் பெயின்ட்டைக் காகிதம் உறிஞ்சாது. இது இல்லாவிட்டால் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டையே மெல்லிசாகத் தடவலாம்.

மூன்றாவது, நிறம். ஸ்டென்சில் வைத்து, ஸ்பாஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்பாஞ்சில் பெயின்ட் குறைவாக இருக்கணும், அதிகமானால் ஓரத்தில் கசியும். எங்கள் குழுவில் புள்ளிக் கோலத்தைப் பழைய எக்ஸ்ரே ஷீட்டில் வெட்டி ஸ்டென்சில் ஆக்கியிருக்கிறோம். கடையில் விற்கிற வெளிநாட்டு டிசைனை விட அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

நான்காவது, துணியும் நூலும் பூவும். தையல் செய்கிற நம் உறுப்பினர்கள் வெட்டித் தள்ளுகிற துண்டு, கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை எல்லாம் இங்கே சரக்கு. துணியின் ஓரத்தில் பசையை மெல்லத் தடவிக் காயவிட்டு அப்புறம் வெட்டினால் நூல் பிரியாது. பூவுக்குக் காகிதப்பூ ரொம்ப நல்லது. பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். மல்லிகையை வைக்காதீர்கள், பழுப்பாகிவிடும்.

கடைசியில்தான் எழுத்து. தண்ணீர் பட்டால் கரையாத பேனாவால் எழுதுங்கள்.

இதெல்லாம் இப்போது அழகாகச் சொல்கிறேன். முதல் ஆர்டரில் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் மேடைக்கு வந்தேன்.

புத்தாண்டுக்கு 200 அட்டை வேண்டும், ஒரு அட்டைக்கு 25 ரூபாய் என்று ஓரிடத்தில் கேட்டார்கள். 5,000 ரூபாய் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒத்துக்கொண்டோம். பகலில் வீட்டு வேலை, ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு அட்டை வேலை. ஒரு அட்டைக்கு இருபது நிமிஷம் ஆனது.

நேரம் மழைக்காலம். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று மைதாவில் பசை காய்ச்சினோம். பெயின்ட்டும் பசையும் முழுசாகக் காயுமுன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டோம். கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தால் 40 அட்டையில் கறுப்புப் புள்ளி. பூஞ்சை பிடித்திருந்தது. அந்த நாற்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

மீதி 160 அட்டைக்கு 4,000 ரூபாய் வந்தது. ஒரு அட்டைக்குச் சாமான் செலவு 18 ரூபாய் வீதம் 200 அட்டைக்கு 3,600 ரூபாய் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சம் 400 ரூபாய். ஆளுக்கு நூறு.

அந்த நூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்களில் மூத்த அக்கா ஒருத்தர்தான் முதலில் பேசினார். "பூஞ்சை பிடிக்காமலே இருந்திருந்தா நமக்கு எவ்வளவு நின்னிருக்கும், கணக்குப் போடு பார்ப்போம்" என்றார்.

போட்டோம். 5,000-இல் 3,600 போக 1,400. ஆளுக்கு 350. இருபது நிமிஷம் வீதம் 200 அட்டைக்கு மொத்தம் 67 மணி நேரம். எல்லா அட்டையும் நல்லபடியாகப் போயிருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு எங்களுக்கு 21 ரூபாய்தான். நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால்கூட அதைவிட அதிகம் வந்திருக்கும். பூஞ்சை வந்ததால்தான் இந்தக் கணக்கையே போட்டோம். வராமல் இருந்திருந்தால், லாபம் என்று நினைத்து அடுத்த ஆர்டரையும் அதே விலைக்கு எடுத்திருப்போம்.

அக்கா தங்கைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சேமிப்பு, உள்கடன், வட்டி, அபராதம் என்று ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் எழுதுகிறவர்கள் நாம். வங்கி மேனேஜரே நம் நோட்டைப் பார்த்து மெச்சுவார். அப்படிப்பட்ட நாம் நம்முடைய நேரத்தை மட்டும் எந்த நோட்டிலும் எழுதியதில்லை. வீட்டில் சமைக்கிற நேரத்தை எழுதாத பழக்கம், இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். யார், எந்த வேலை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், எப்போது முடித்தார் என்று அதில் எழுத ஆரம்பித்தோம். இப்போது எங்கள் விலைக் கணக்கு இதுதான். சேதாரம் சேர்த்துச் சாமான் 18 ரூபாய். ஒரு மணிக்கு 60 ரூபாய் என்று எங்களுக்கு நாங்களே கூலி வைத்து, இருபது நிமிஷத்துக்கு 20 ரூபாய். ஆக 38. விற்பனை விலை 50. கடையில் நூற்றுக்கு இருபது கமிஷன் கேட்டால் 10 ரூபாய் போகும். மீதி 40-இல் சாமானும் எங்கள் கூலியும் போக 2 ரூபாய் குழுவுக்கு நிற்கும். நேரில் விற்றால் 12 ரூபாய் நிற்கும். உங்கள் ஊரில் சாமான் விலை வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை இதேதான்.

"ஐம்பதா? அச்சடிச்சது இருபதுக்குக் கிடைக்குதே" என்று கேட்பார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். அச்சடித்ததையும் நம் அட்டையையும் பக்கத்தில் வைத்து, விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் வாங்குவார்கள். போகிறவர்களுக்காக நம் கூலியைக் குறைக்காதீர்கள்.

ஆனால் ஐம்பது கேட்கிறவள் வேலையில் சுத்தம் காட்ட வேண்டும். மைதாப் பசை வேண்டாம். பூஞ்சை மட்டுமில்லை, இராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும். காகிதத்துக்கு இரட்டைப் பக்க டேப், துணிக்கும் பூவுக்கும் வெள்ளைப் பசை. அந்தப் பசையில் தண்ணீர் இருக்கிறது, அதிகம் தடவினால் அட்டை வளையும். ஒட்டியதும் மேலே வெள்ளைத் தாள் போட்டுக் கனம் வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் காயாமல் எதையும் கவருக்குள் போடாதீர்கள். தபாலில் போகிற அட்டையில் பட்டன், மணி எல்லாம் வேண்டாம். நசுங்கும், எடையும் கூடும்.

இனி நினைவுப் பக்கம். ஸ்கிராப்புக் என்று சொல்கிறார்களே, அதுதான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலத் தாளில் போட்டோவும், அதைச் சுற்றி இதே வேலைப்பாடும், நாலு வரி எழுத்தும் வரும். இதில் ஒரு விதிதான் முக்கியம். மூலப் போட்டோவை ஒட்டவே கூடாது. பிரதி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். செய்தித்தாளும் ஒட்டாதீர்கள். அந்தக் காகிதத்தில் லிக்னின் என்கிற மரச்சத்து இருப்பதால் சீக்கிரம் மஞ்சளாகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். புதுச்சேரியில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் செய்கிற காகிதம் இருக்கிறது. அதில் அந்த மரச்சத்து இல்லை, நாள்பட நிற்கும்.

நம் கூட்டமைப்புக்கு ஒரு நினைவுப் புத்தகம் செய்யச் சொன்னபோது, ஒவ்வொரு குழுவிலும் முதல் நாளிலிருந்து இருக்கிற ஒருவருக்கு ஒரு பக்கம் என்று முடிவு செய்தோம். பஸ் ஸ்டாண்டில் கணக்குப் போடச் சொன்னாரே, அந்த அக்காவிடம் போனேன். "எனக்கு எதுக்குடி பக்கம்? என்கிட்ட போட்டோவே கிடையாது" என்றார். உண்மைதான். கல்யாணப் போட்டோகூட வெள்ளத்தில் போய்விட்டது.

பழைய தீர்மான நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் கூட்டத்தின் பக்கத்தில் பன்னிரண்டு பெயர். ஏழு பெயருக்கு நேராகக் கைநாட்டு. அதில் மூன்றாவது அக்காவுடையது. மூன்று வருஷம் கழித்து இன்னொரு பக்கத்தில், எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து. ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே, ஒரு எழுத்து கீழே. இரண்டையும் பிரதி எடுத்தேன். முதல் கூட்டத்துக்குக் கட்டி வந்த புடவையிலிருந்து ஒரு துண்டு கொடுத்தார். அதை அடியில் வைத்து, மேலே கைநாட்டு, கீழே கையெழுத்து, நடுவில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டேன். அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

பேத்தி வந்து பார்த்துவிட்டு, "இது யார் ரேகை ஆயா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்குத் தெரியாமல் முதல் கூட்டத்துக்கு வந்தது, சேமிப்புப் பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது, எல்லாம். மகனுக்கே தெரியாத கதையெல்லாம் பேத்திக்குத் தெரிந்துவிட்டது.

நம் மாநிலத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான் இந்தச் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அப்போது குழுவில் சேர்ந்த பெண்களுக்கு இன்றைக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் அந்த முதல் நோட்டுகள் பரண்மேல் கிடக்கின்றன. கரையான் அரிக்குமுன் எடுங்கள், பிரதி எடுங்கள். கணக்கு எண் தெரியாமல் மறைத்துவிட்டு ஒட்டுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கட்டாயம் எழுதுங்கள். பெயர் எழுதாத போட்டோ இருபது வருஷத்தில் யாரோ ஒருவரின் போட்டோவாகிவிடும்.

முடிக்கப் போகிறேன். உங்களிடம் இரண்டே கோரிக்கை. அட்டையோ, ஊறுகாயோ, கூடையோ, எது செய்தாலும் இந்த மாதத்திலிருந்து செலவான நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அடுத்து, அட்டை செய்கிறவர்கள் பின்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அச்சகத்துக்காரர்கள் அவர்கள் பெயரைப் போடுகிறார்கள், நாம் ஏன் போடக்கூடாது?

எங்கள் அக்கா இப்போது தான் செய்கிற ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு அரை நிமிஷம் ஆகிறது. அந்த அரை நிமிஷத்தையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

 வாங்க, வந்து தொட்டுப் பாருங்க.