கங்காணியின் பிரம்பு நம் வீட்டில் எதற்கு?

(திருகோணமலையில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் பேசியது)



எப்போதும் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற நாங்கள் இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 1977, 1983 கலவரங்களால் மலையகத்தை விட்டு இந்த மாவட்டத்துக்கு வந்த குடும்பங்கள் பல இங்கே இருக்கின்றன. அந்தக் காலத்தில் நம் மக்களைக் குடியேற்றிய காந்தியம் அமைப்பு, காணியோடு நிற்காமல் முன்பள்ளிகளையும் நடத்தியது. சின்னப் பிள்ளை வளர்ப்பது பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து உடம்பு வலியோடு திரும்புகிறோம். அந்த நேரம் மூன்று வயதுப் பிள்ளை சிணுங்கினால் பல வீடுகளில் கை ஓங்கிவிடுகிறது. கேட்டால், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கிறார்கள். அடித்த அன்று அணைக்க யாருக்கு நேரம்? களைப்பில் தூக்கம்தான் வரும்.

நம் பாட்டன்மார் கங்காணியின் பிரம்புக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. வேலை நடந்தது, நியாயம் கேட்கத்தான் முடியவில்லை. அதற்குச் சங்கம் வரவேண்டியிருந்தது. அடிக்குப் பயந்த பிள்ளையும் அடங்கித்தான் இருக்கும். ஆனால் முன்பள்ளியில் இன்னொரு பிள்ளை பொம்மையைப் பறித்தால்? ஒன்று அடிக்கும், இல்லாவிட்டால் மூலையில் ஒதுங்கும். "அது என்னுடையது, தா" என்று கேட்கப் பழகியிருக்காது.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் முன்பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கவனித்தார். அதட்டி அடக்கிய வீடுகளும் இருந்தன, எதையும் கேட்காமல் விட்ட வீடுகளும் இருந்தன. அன்பும் கண்டிப்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளே தன்னம்பிக்கையோடு மற்றவர்களிடம் நன்றாகப் பழகினார்கள்.

ஆகவே செல்லம் கொடுத்து விட்டுவிடச் சொல்லவில்லை. தம்பியைக் கடித்தால் பிடித்து நிறுத்துங்கள். "தம்பிக்கு வலிக்குது பார். கோவம் வந்தா அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லுங்கள். ஒரு நாளில் திருந்தாது, பத்துத் தடவை சொல்லவேண்டி வரும். கண்டித்தபின் பக்கத்தில் இருத்திச் சோறு கொடுங்கள். "உன்னைப் பெத்ததே பாவம்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அது பிரம்பைவிட ஆழமாகப் போகும். அப்பாமாரே, இது உங்களுக்கும்தான்.

பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றுநிருபம் விட்டிருக்கிறது. ஆசிரியர் அடித்தால் நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சிறுவர் கொடுமை பற்றி முறையிட 1929 என்ற இலக்கம் உண்டு.

அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பின்பக்கம் பாய் விரித்து வைக்கிறோம். சத்தம் போட்டால் போடட்டும்.