சாமி கண்ணைக் குத்துமா?

தோழர்களே, கடவுள் பயம் போய்விட்டால் மனுசன் எதுக்குத்தான் கட்டுப்படுவான் என்று கேட்கிறார்கள். மேல்சாதிக்காரன் மட்டுமல்ல, சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிற நம் சேரிப் பெரியவர்களும் கேட்கிறார்கள். கிண்டல் பண்ணிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

நான் மகாடிலிருந்து தொடங்குகிறேன். 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். நகராட்சி 1924லேயே எல்லோருக்கும் திறந்துவிட்ட குளம்தான். அதில் மாடு குடித்தது, நாய் குடித்தது, தீட்டில்லை. நாம குடிச்சதும் தீட்டாப் போச்சு. அடித்தார்கள். பிறகு சாணம், கோமியம், பால், தயிர் என்று 108 மண்பானைகள், கூடவே மந்திரம். குளம் சுத்தமாயிற்றாம்!

இதைச் செய்தவன் கடவுள் பயம் இல்லாதவனா? பயம் இருந்ததால்தான் செய்தான். அன்று ராத்திரி நன்றாகவே தூங்கியிருப்பான். தன் சாதிக்குள் அவன் யோக்கியன், வாங்கின கடனைக் கொடுத்துவிடுவான். அந்த யோக்கியம் தெருக்கோடியோடு நின்றுபோகிறது. லாகூர் மாநாட்டுக்காரர்கள் பேசவிடாமல் ரத்து செய்த 1936ஆம் ஆண்டு உரையில் அம்பேத்கர் பிடித்துக் காட்டியது இதைத்தான். சாமி கண்ணைக் குத்தும் என்பார்கள். எந்தச் சாதிவெறியன் கண்ணை எந்தச் சாமி குத்திச்சு?

அப்படியானால் கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. கடவுளை மறுத்துக்கொண்டே சொந்தச் சாதியில் பெண் தேடுகிற பகுத்தறிவாளர்களை நாம் பார்க்காதவர்களா என்ன? 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் வெறும் மறுப்போடு நிற்காமல் பௌத்தம் ஏற்றதை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன். அவர் மறைந்தபின் 1957இல் வந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் கடவுளுக்கு வேலையில்லை. நல்லது கெட்டதுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, ஆனால் அதைக் காப்பதும் கெடுப்பதும் மனிதர் செய்கைதான் என்கிறார். போன ஜென்மத்துப் பாவம் என்ற கணக்கையும் தள்ளிவிடுகிறார். மனிதனுக்கு மனிதன் வேண்டியிருக்கிறது, அதிலிருந்து மைத்ரி. அதுதான் அடிப்படை.

இது பலவீனமான அடிப்படை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டவன் கட்டளை என்று வந்துவிட்டால் அடிபட்டவன் வாயைத் திறக்க முடியாது. மனுசன் போட்ட சட்டம் என்றால் ஏன் என்று கேட்கலாம். 1927 டிசம்பர் 25இல் அதே மகாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்களே, அது அப்படிக் கேட்டதுதான்.

ஆனா தோழர்களே, கேள்வி நம்மகிட்டயும் வரும். அருந்ததியர் வீட்டில் கை நனைக்கத் தயங்குகிற ஆள் நம்ம தெருவிலும் இருக்கான். மேடையில் விடுதலை பேசிட்டு வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியைக் கைநீட்டுறவன் இயக்கத்திலேயே இருக்கான். கூட்டத்துக்குள்ள மட்டும் யோக்கியம்னா, மகாடில் பானை தூக்கினவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? இவனைக் கேட்கச் சாமி வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாமதான் கேட்கணும். அடுத்த மாதக் கூட்டத்தை அருந்ததியர் தெருவில் வைப்போம். சமையலும் சாப்பாடும் அங்கேயே. யார் யார் சாப்பிடாமல் பஸ் பிடிக்கக் கிளம்புறாங்கன்னு பார்ப்போம்.