படித்தவர் கடமை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். என் மாணவன் ஒருவனின் அன்னை, வட்டிக்குக் கடன் பெற்றுத் தரகரிடம் கொடுத்து, வீட்டு வேலைக்காக வளைகுடா நாடொன்றிற்குச் சென்றார். அவருக்குக் கிடைத்தது வேலை விசா அன்று, சுற்றுலா விசா. அங்கே கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டனர். பேசிய ஊதியத்தில் பாதியே தந்தனர். கடனுக்கு அஞ்சி ஈராண்டு வாய்மூடி உழைத்தார். மகன் பத்தாம் வகுப்பில் பயின்றான். நான் அடுத்த தெருவில் வாழ்ந்தேன். அந்த விசாவை எவரும் படித்துச் சொல்லவில்லை.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுபெறாத தரகர் ஆள் சேர்ப்பது குற்றம். பத்தாம் வகுப்புத் தேறாத பெண்கள் வளைகுடாவில் வீட்டு வேலைக்குச் செல்ல 30 வயது நிறைந்திருத்தல் வேண்டும். அவர்களை அரசு நிறுவனங்களே அனுப்ப வேண்டுமென 2016இல் விதிக்கப்பட்டது. 1978இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. சுற்றுலாப் பயணிக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை; ஆதலால்தான் தரகர் அவ்வழியை நாடுகிறார்.

இளைஞர்களே! நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. இச்சங்கத்தால் நீங்கள் அதனைப் பெற்றீர்கள். புறப்படும் சகோதரியின் தாள்களை வாங்கிப் படியுங்கள். விசா எவ்வகை, ஊதியம் எவ்வளவு, தரகரின் பதிவு எண் யாது என வினவுங்கள். ஒப்பந்தத்தின் படியொன்றை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்களாக.