வணிகப் பள்ளி மாணவரின் ஒரு வாரம்

பாஸ்டன் மாநகருக்கும் கேம்பிரிட்ஜ் நகருக்கும் இடையே சார்லஸ் ஆறு ஓடுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்கள் பலவும் கேம்பிரிட்ஜ் கரையில் இருக்க, அதன் வணிகப் பள்ளி ஆற்றைக் கடந்து பாஸ்டன் பக்கம் அமைந்துள்ளது. 1908-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இப்பள்ளியே எம்.பி.ஏ. என்னும் பட்டத்தை உலகில் முதன்முதலாக வழங்கியது. ஜார்ஜ் பேக்கர் என்னும் வங்கியாளர் 1924-இல் அளித்த ஐம்பது இலட்சம் டாலர் நன்கொடையில் இன்றைய வளாகம் எழுந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழத் தொள்ளாயிரம் பேர் இங்கே புதிதாகச் சேர்கின்றனர். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பணியாற்றி, ஊதியம் பெற்றுப் பழகி, மீண்டும் மாணவராக வந்து அமர்பவர்களே இவர்களுள் மிகப் பெரும்பாலோர். அவர்களுடைய ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

‘மாணவர்’ என்னும் சொல்லைக் கேட்டதும், ஆசிரியர் உரைக்க, அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஓர் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். இப்பள்ளியில் அந்த உருவத்தைக் காண்பது அரிது. விரிவுரை என்பது இங்கே மிகச் சொற்பம். அதன் இடத்தில் இருப்பது ‘கேஸ்’ என்று மாணவர்கள் வழங்கும் நேர்வு. ஒரு நிறுவனம் உண்மையில் எதிர்கொண்ட ஒரு சிக்கலைப் பத்து, இருபது பக்கங்களில் எழுதி, வரவுசெலவுப் பட்டியல்களைப் பின்னிணைத்து, முடிவை மட்டும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். முடிவு கூறவேண்டியது மாணவரின் கடமை. 1919-இல் பள்ளியின் தலைமையை ஏற்ற வாலஸ் டானம் சட்டம் பயின்றவர். வழக்குகளைக் கொண்டே சட்டம் கற்பிக்கும் முறையில் வளர்ந்தவராதலின், வணிகத்துக்கும் அம்முறையே தக்கது என்று கருதி அதனை நிலைநாட்டினார். 1921-இல் எழுதப்பெற்ற முதல் நேர்வு ஒரே பக்க அளவினது. ஒரு காலணித் தொழிற்சாலை. காலணிக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. ஆனால் தொழிலாளர்கள் வேலைநேரம் முடிவதற்கு முக்கால் மணி முன்னதாகவே கையை ஓய்த்துவிடுகிறார்கள். மேலாளர் என்ன செய்யவேண்டும்? மூச்சுவிட நேரமின்றி ஓடப்போகும் தலைமுறைகளுக்கு அமைந்த முதற்பாடம், வேலையை முன்னதாகவே நிறுத்திவிட்டவர்களைப் பற்றியது என்பது ஒரு வேடிக்கை.

இம்மாணவரின் வாரம் திங்கட்கிழமை தொடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது. மறுநாளைக்கு இரண்டு நேர்வுகள் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். ஒன்று சோப்பு விற்பனை பற்றியது; அடுத்தது ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்குகளில் நேரப் பங்கீடு பற்றியது; மூன்றாவது கடன்பட்டுத் தத்தளிக்கும் ஒரு விமான நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொன்றையும் ஒருமுறை விரைந்து படித்து, மறுமுறை நிதானமாகப் படித்து, எண்களைக் கூட்டிக் கழித்து, தமக்கென ஒரு முடிவை வகுத்துக்கொள்ள இரண்டு மணி நேரம் போதினால் அது நல்ல நாள். இரண்டு ஆண்டுகளில் இவ்வாறு ஐந்நூறுக்கும் மேற்பட்ட நேர்வுகளை ஒருவர் கடக்கிறார். ஐந்நூறு கதைகளைப் படித்து, ஒன்றுக்கும் முடிவைப் புரட்டிப் பார்க்க வழியில்லாத ஒரு வாசகரின் நிலை அது.

காலையில் வகுப்புக்கு முன்னர் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு கூடும். குழுவைப் பள்ளியே அமைத்துத் தருகிறது. கணக்காளர் ஒருவர், படையில் பணியாற்றியவர் ஒருவர், பொறியாளர் ஒருவர் என்று வேண்டுமென்றே கலந்திருப்பார்கள். தேநீர்க் கோப்பையும் கையுமாக, இரவில் எட்டிய முடிவுகளை ஒருவர்க்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் நேரம் இது. நிதிக் கணக்கு விளங்காதவர் இங்கே வெட்கமின்றிக் கேட்கலாம். இதற்குப் பின் அத்தகைய வாய்ப்பு அன்று அமைவது அரிது.

வகுப்பறை குதிரை இலாட வடிவில் படிப்படியாக உயர்ந்து செல்லும் ஓர் அரங்கு. ஏறத்தாழத் தொண்ணூறு பேர் ஒரு பிரிவு. முதலாண்டு முழுவதும் அதே அறை. பேராசிரியர்கள்தாம் மாறிமாறி வருவார்கள். யாருக்கு எந்த இருக்கை என்பதைப் பள்ளி முடிவு செய்கிறது. ஒவ்வொருவர் முன்னும் பெயர் எழுதிய அட்டை இருக்கும். மேல்வரிசைக்கு ‘வான்தளம்’ என்றும், பேராசிரியரின் காலடியில் உள்ள கீழ்வரிசைக்கு ‘புழுத்தளம்’ என்றும் பொருள்படும் ஆங்கிலப் பட்டப்பெயர்களை மாணவர்கள் இட்டிருக்கிறார்கள். கடைசி வரிசைக்குரிய குறும்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும். வாரக் கடைசியில், அவ்வாரம் உதிர்ந்த அசட்டுப் பேச்சுகளுக்கு வான்தளத்தார் விளையாட்டாகப் பரிசு வழங்கும் வழக்கமும் உண்டு.

பேராசிரியர் உள்ளே வருவார். முன்னறிவிப்பு ஏதுமின்றி ஒரு பெயரைச் சொல்லி, “நீங்கள் இந்த மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று தொடங்கிவைக்கச் சொல்வார். அந்தச் சில நிமிடங்களுக்கு அரங்கின் கண்கள் அனைத்தும் ஒருவர்மேல் நிலைத்திருக்கும். அவர் முடித்ததும் நாற்பது, ஐம்பது கைகள் உயரும். இனி எண்பது நிமிடம் விவாதம். பேராசிரியர் தம் கருத்தை எளிதில் சொல்லமாட்டார். ஒருவர் சொன்னதை மற்றொருவர்மேல் மோதவிட்டு, கரும்பலகையில் எழுதிக்கொண்டே செல்வார்.

கணக்குப் பார்த்தால், எண்பது நிமிடத்தைத் தொண்ணூறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. ஆனால் முதலாண்டுப் பாடங்கள் பலவற்றில் மதிப்பீட்டின் ஏறத்தாழப் பாதி இப்பேச்சைப் பொறுத்தே அமைகிறது. மதிப்பெண்ணும் ஒப்பீட்டு முறையில் 1, 2, 3 என்று வழங்கப்படுவது. ஒருவர் நன்றாகச் செய்தாலும் மற்றவர் அதைவிட நன்றாகச் செய்தால் இவருக்குக் கீழ்த்தரமே வாய்க்கும். ஆகவே இரவெல்லாம் படித்து, பொருளை நன்கு உணர்ந்து, கையை உயர்த்தியபடியே வகுப்பு முழுவதும் அமர்ந்திருந்து, அழைக்கப்பெறாமல் எழுந்து செல்லும் மாணவரின் துயரம் சிறியதன்று. சொல்லக் கருதியதை ஐந்து நொடிக்கு முன் வேறொருவர் சொல்லிவிட்டால், அவ்வுழைப்புக்குச் சான்றே இல்லாமற் போகிறது.

கற்கும் முறையைப் பற்றிப் பேசும் நன்னூல், ஆசிரியரிடமிருந்து பெறுவது கால்பங்கு என்றும், உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால்பங்கு என்றும், பிறர்க்கு எடுத்துரைப்பதனால்தான் எஞ்சிய பாதி நிறையும் என்றும் கணக்கிட்டது. சார்லஸ் ஆற்றங்கரைப் பள்ளி நன்னூலை அறியாது. எனினும் அதன் முறை இக்கணக்கோடு பெரிதும் ஒத்துச் செல்வது வியப்புக்குரியது. வேறுபாடு ஒன்றுண்டு. நன்னூல் சொல்லும் எடுத்துரைத்தல் போட்டியன்று. அங்கே பேசுபவரின் பேச்சு இன்னொருவரின் நேரத்தைப் பறித்துக்கொள்வதில்லை. இங்கே பறிக்கிறது. பெரியோர் முன் அடங்கி இருப்பதைப் பண்பாகக் கற்று வளர்ந்த ஆசிய நாட்டு மாணவர் பலர்க்கு முதற்பருவம் இதனாலேயே கடினமாகிறது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கமே அவர்களைப் பின்தள்ளுகிறது.

பெண்களுக்கும் இந்த அரங்கு எளிதாக இருக்கவில்லை. ஈராண்டுப் படிப்பின் முதல் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் 1963-இல்தான் வந்தது. அவ்வாண்டு வந்தவர்கள் எட்டுப் பேர். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், சமமான தகுதியோடு நுழைந்த பெண்கள் மதிப்பெண்ணில் ஆண்களுக்குப் பின்தங்கினர். 2010-இல் தலைமை ஏற்ற நிதின் நோரியா, இந்தியாவில் பிறந்தவர், இதனை ஆராயச் செய்தார். வகுப்பில் யார் என்ன சொன்னார் என்பதைப் பேராசிரியரின் நினைவுக்கு விட்டுவிடாமல் குறித்துவைக்க எழுத்தர்கள் அமர்த்தப்பட்டனர். கை உயர்த்தவும் பேசவும் தயங்குவோர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. வேறுபாடு சில ஆண்டுகளிலேயே பெரிதும் குறைந்தது. அப்படியானால் அதற்கு முன்னர் அளக்கப்பட்டது அறிவுதானா என்னும் கேள்வி எழுகிறது. அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பழைய மதிப்பெண் பட்டியல்களை வைத்திருப்பவர்கள்.

வகுப்பு பிற்பகலில் முடியும். மாணவரின் நாள் முடியாது. ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் ஆள் தேடி வளாகத்துக்கு வரும். அவற்றின் அறிமுகக் கூட்டம், விருந்து, நேர்காணல். மாணவர் மன்றங்கள், வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஒரு தொழிலதிபரின் உரை, பிரிவினரின் விளையாட்டுப் போட்டி, பத்துப் பேர் கூடும் இரவு உணவு. ‘இங்கே கிடைக்கும் நட்புதான் பாதிப் படிப்பு’ என்று எல்லாரும் சொல்வதால் எதையும் தவறவிட மனம் வருவதில்லை. மணமானவர் என்றால் அடுக்ககத்தில் ஒரு துணையும் ஒருவேளை ஒரு குழந்தையும் காத்திருப்பார்கள். மூன்று நேர்வுகளுக்கு ஆறு மணி, வகுப்புக்கு நான்கு மணி, உறக்கத்துக்கு ஏழு மணி என்று எழுதினால் எஞ்சுவது ஏழே மணி. இந்த ஏழுக்குள் குளியல், உணவு, குடும்பம், வேலை தேடல், நட்பு அனைத்தும் அடங்கவேண்டும். அடங்குவதில்லை. முதலில் சுருங்குவது உறக்கம். அடுத்து மூன்றாவது நேர்வு. எதைப் படிக்காமல் விடலாம் என்று முடிவு செய்வதே பாடத்திட்டத்தில் எழுதப்படாத ஒரு பாடம் என்பர் சிலர். அதில் உண்மை உண்டு; சிறிது ஆறுதலும் கலந்திருக்கிறது.

கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல். கடன் வாங்கிப் படிப்பவர் வாரநாள் மாலையில் எந்தக் கூட்டத்துக்குச் செல்வது என்று எண்ணும்போது, அக்கடனும் உடன் அமர்ந்து எண்ணுகிறது. கல்விச்சாலை நடத்தவேண்டும், ஊரில் தொழில் தொடங்கவேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதி வந்தவர், பனிக்காலத்துக்குள் வங்கி நேர்காணலுக்குப் புதுக் கோட்டு வாங்குவது இவ்வாறுதான்.

முற்காலத்தில் வாரக் கடைசியும் மாணவர்க்குச் சொந்தமில்லை. ‘வாக்’ என்று சுருக்கி அழைக்கப்பட்ட எழுத்துப் பகுப்பாய்வைச் சனிக்கிழமை இரவு, குறித்த மணிக்குள், பேக்கர் நூலகத்தின் சரிவுப் பெட்டியில் போட்டாக வேண்டும். கடைசி நொடியில் தாளும் கையுமாக ஓடிவருவோரைக் காண்பதற்கென்றே ஒரு கூட்டம் கூடும். இந்தப் பாடம் கடல் கடந்து வந்ததுதான் சுவையான செய்தி. விக்ரம் சாராபாய் முன்னின்று 1961-இல் ஆமதாபாதில் நிறுவிய இந்திய மேலாண்மைக் கழகம், தொடக்க ஆண்டுகளில் ஹார்வர்டின் துணையோடு வளர்ந்தது. நேர்வு முறையும் வந்தது, ‘வாக்’கும் அதே பெயரில் வந்தது, அதனோடு ஓட்டமும் வந்தது. லூயி கான் வடித்த செங்கற் கட்டடங்களின் வளைவுகளுக்கிடையே மாணவர்கள் விடைத்தாளோடு ஓடியிருக்கிறார்கள். அக்கழகத்தின் முதல் அணியில் பயின்று 1966-இல் வெளிவந்தவர்களுள் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்த சி. கே. பிரகலாத். பின்னர் அவர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, மேலாண்மைச் சிந்தனையில் உலகறிந்த பெயரானார். 2021 தொடக்கத்தில் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தலைமையை ஏற்ற ஸ்ரீகாந்த் தாதாரும் ஆமதாபாதில் பயின்றவரே. கடன் வாங்கிய முறை வட்டியோடு திரும்பிற்று எனலாம்.

ஆயினும் இந்த வாரத்தில் எதற்கு நேரமில்லாமற் போகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. என்ரான் நிறுவனத்தை உயர்த்திப் பேசும் நேர்வுகள் 2001-க்கு முன் வணிகப் பள்ளிகளில் விவாதிக்கப்பட்டன. அவ்வாண்டு திசம்பரில் அந்நிறுவனம் நொடித்தது. அதன் தலைவராயிருந்து 2006-இல் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற ஜெஃப்ரி ஸ்கில்லிங், 1979-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் உயர்சிறப்போடு பட்டம் பெற்றவர். வகுப்பில் எண்பது நிமிடம் திறம்படப் பேசியவர்களுள் அவரும் ஒருவராக இருந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. பொறுப்புணர்வு பற்றிய ஒரு கட்டாயப் பாடம் 2004-இல் சேர்க்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டின் நிதி வீழ்ச்சிக்குப் பின், 2009-இல் பட்டம் பெறவிருந்த மாணவர்களே மருத்துவர்களின் உறுதிமொழியை ஒத்த ஒன்றை எழுதி, நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். கையொப்பமிட மறுத்தவர்களும் இருந்தார்கள். 2011-இல், அறைக்குள் இருந்தே முடிவு சொல்லும் பழக்கத்துக்கு மாற்றாக, மாணவர்களைக் குழுக்களாகப் பிற நாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ள நிறுவனங்களுக்காக வேலை செய்யவைக்கும் களப்பாடமும் தொடங்கியது.

சில நாள்களில் வகுப்பின் கடைசி வரிசையில் அறிமுகமில்லாத ஒருவர் பேசாமல் அமர்ந்திருப்பார். அன்றைய நேர்வின் மேலாளர் அவரே என்பது விவாதம் முடியும் தறுவாயில்தான் தெரியவரும். தம்மைக் கோழை என்றும் கணக்கறியாதவர் என்றும் இளைஞர்கள் வாய்கூசாமல் இகழ்ந்ததை அவர் எண்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். கீழே இறங்கி வந்து, உண்மையில் என்ன செய்தார் என்று சொல்வார். பதினைந்து பக்கத்தில் அடங்காத காரணங்களையும் சொல்வார். அரங்கு அப்போது அடங்கிவிடும். உயர்ந்த கைகள் இருக்காது. யாரோ ஒருவர் மட்டும், பெரும்பாலும் அதுவரை வாய் திறவாத ஒருவர், “அன்றிரவு நீங்கள் உறங்கினீர்களா?” என்று கேட்பார். வந்தவர் விடை சொல்லத் தொடங்கும்போது அடுத்த பேராசிரியர் கதவருகே வந்து நின்றுகொண்டிருப்பார்.